மகமையின் எல்லை

சிவகாசி என்றதும் திருச்சபை வரலாறு கற்றோர் நினைவில் எழுபவர் தாமஸ் ராக்லாந்து ஐயர். 1854 முதல் கூடாரங்களில் தங்கி வட திருநெல்வேலிச் சிற்றூர்களில் ஊழியம் செய்து, 1858இல் சிவகாசியிலேயே மறைந்தவர் அவர். அதே மண்ணில் மிஷனெரிகளின் கை படாமல் வளர்ந்த பொதுநிதி ஒன்றும் உண்டு. மகமை என்பது அதன் பெயர். அயலாருக்கு உதவுதலைப் பிச்சையிடுதலினின்று பிரித்தறிய விரும்புவோர் அதன் வரலாற்றை ஆராய்தல் நலம்.

19ஆம் நூற்றாண்டில் தெற்கிலிருந்து வணிகத்தின் பொருட்டு வடக்கே வந்த நாடார்கள் சிவகாசி, விருதுபட்டி (இன்றைய விருதுநகர்), அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, சாத்தங்குடி, திருமங்கலம் ஆகிய ஆறு ஊர்களில் நிலைகொண்டனர். வண்டி மாடுகளையும் சரக்கையும் கள்வரிடமிருந்து காக்க மதில் சூழ்ந்த பேட்டைகளைக் கட்டினர். அவற்றைப் பேண எழுந்ததே மகமை. வாங்கி விற்கும் சரக்கின்மீது வணிகர் ஒவ்வொருவரும் சிறு தொகை செலுத்துவர். உறவின்முறையார் கூடிச் செலவை முடிவு செய்வர். மனம் இளகியபோது கொடுக்கும் தர்மம் அன்று இது. கணக்கேட்டில் ஏறும் கடமை. ஆகவே வணிகம் பெருகப் பெருக நிதியும் பெருகிற்று. பேட்டைக்குப் பின் கிணறும், கோயிலும், பள்ளியும் அதிலிருந்து எழுந்தன. கோயில் நுழைவு மறுக்கப்பட்டு, 1899இல் சிவகாசியில் பெருந்தாக்குதலுக்கும் ஆளான ஒரு சமூகம் தலை நிமிர்ந்தமைக்கு இந்நிதி ஒரு முக்கிய காரணம் எனலாம்.

விருதுபட்டியில் க்ஷத்திரிய வித்தியாசாலை தோன்றியது. அதனைத் தாங்கியவற்றுள் பிடி அரிசி குறிப்பிடத்தக்கது. உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியைப் பள்ளிக்கென எடுத்து வைத்தல் இல்லத்தரசியர் கடமையாயிற்று. மகமைக் கணக்கு ஆடவர் கையில் இருந்தது. பிடி அரிசியோ பெண்கள் கையில். வரலாறு எழுதுவோர் முன்னதையே பெரிதும் பேசுவர். அப்பள்ளியில் பயின்ற காமராசர் முதலமைச்சராயிருந்த காலத்தில் (1954–63) பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் பரவியது. அதன் தொடக்கத்திலும் ஊர்மக்கள் தந்த தானியமும் பணமும் துணை நின்றன. பிடி அரிசி தன் சாதி வேலியைக் கடந்த இடமாக இதனை நாம் காண்கிறோம்.

ஆயினும் வேலி எங்கும் கடக்கப்படவில்லை. 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்ற ஐய நாடாரும் சண்முக நாடாரும் திரும்பி வந்து சிவகாசியில் அதனைத் தொடங்கினர். பட்டாசும் அச்சும் பின்தொடர்ந்தன. வானம் பார்த்த கரிசல் பூமியில் அது பெரும் கொடையே; மழை பொய்த்த ஆண்டிலும் அடுப்பு எரிந்தது. ஆனால் கட்டை அடுக்கவும், பெட்டி ஒட்டவும், மருந்து செலுத்தவும் வந்தவர் சுற்றுச் சிற்றூர்களின் பல சாதி ஏழையர். அவர்தம் கூலி செய்த எண்ணிக்கையைப் பொறுத்தது. எண்ணிக்கை கூட வேண்டிப் பிள்ளைகளும் அமர்ந்தனர். பள்ளிக்கென அரிசி எடுத்து வைத்த ஊர்களின் அருகிலேயே பள்ளி காணாப் பிள்ளைகள் விடியுமுன் பேருந்தேறிய முரண்பாட்டை எளிதில் விளக்கிவிட இயலாது. முதலாளிகள் கொடுமனத்தர் என்பது மேலோட்டமான விடை. உறவின்முறையின் நிதி உறவினரை அறியும்; கூலியாளை அது உறவாக அறியவில்லை என்பதே நம் கருத்து.

1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசியை முன்னிட்டு எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறி வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நலநிதியில் செலுத்தவேண்டும். அப்பிள்ளையின் குடும்பத்தில் வயது வந்த ஒருவருக்கு அரசு வேலை தேடித் தரவேண்டும், இயலாதாயின் 5,000 ரூபாய் சேர்க்கவேண்டும் என்றது. மகமையைப் போலவே இதுவும் தொழிலிலிருந்து எடுக்கும் பங்குதான். ஆனால் கொடுத்தவர் கூடி முடிவு செய்தது அன்று, நீதிமன்றம் கட்டளையிட்டது.

பிள்ளைகள் பெரும்பாலும் பள்ளிக்குத் திரும்பினர். பெற்றோர் தொழிற்கூடங்களில் தொடர்ந்தனர். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2018இல் பேரியம் உப்புகள் தடை செய்யப்பட்டபோது வேலையற்ற நாட்களின் சுமையும் முதலில் கூலியாளரையே அழுத்திற்று. இவ்வட்டாரச் சபைகளில் ஞாயிறுதோறும் காணிக்கைப் பையில் காசிடுவோருள் அவர்களும் இருக்கின்றனர். அப்பணத்தில் எவ்வளவு சுவருக்கும் கோபுரத்திற்கும் செல்கிறது, எவ்வளவு அவர்தம் வேலையற்ற மாதங்களுக்கு எடுத்து வைக்கப்படுகிறது என்பதைச் சபைக் கணக்கேடுகளில் ஆயர்களே பார்த்துக்கொள்ளலாம்.