இசை கற்றல் உளவியல்

இசை கற்றல் உளவியல் என்பது மனிதர் இசையை எவ்வாறு கேட்டு உணர்கின்றனர், எவ்வாறு கற்கின்றனர், எந்த வயதில் எத்தகைய பயிற்சி பயன் தரும் என்பவற்றை ஆராயும் துறையாகும். கல்வி உளவியலில் நீண்ட காலமாகப் பேசப்படும் ‘மரபா, சூழலா’ என்னும் வினா இத்துறையிலும் மையமாக உள்ளது. இசைத்திறன் பிறவியிலேயே அமைவது என்றால், அது உள்ள மாணவரைத் தேர்ந்தெடுத்துக் கற்பித்தால் போதும். பயிற்சியால் வளர்வது என்றால், எல்லாக் குழந்தைகளுக்கும் இசை வகுப்பு வேண்டும். எனவே இந்த விவாதம் ஆய்வுக்கூடத்தோடு நிற்கவில்லை. பள்ளியில் யாருக்கு இசை கிடைக்கும் என்பதையும் அது தீர்மானித்தது.

பின்னணி

19ஆம் நூற்றாண்டில் பள்ளிகளுக்குள் இசை வந்தபோது இசை உளவியல் என்று தனித்துறை இல்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் லோவல் மேசன் ஊதியமின்றி ஒரு பள்ளியில் பாட்டுக் கற்பித்துக் காட்டினார். அதன் பின்னர், 1838இல் அந்நகரப் பொதுப் பள்ளிகளின் பாடத்திட்டத்தில் இசை இடம்பெற்றது. அப்போது இசை அறிவுக்கும் ஒழுக்கத்துக்கும் உடலுக்கும் நன்மை தருமா என்ற அளவுகோல்களைக் கொண்டே பள்ளிக் குழு அதனை மதிப்பிட்டது. இங்கிலாந்தில் சாரா குளோவர் உருவாக்கிய எளிய ஸ்வர எழுத்து முறையை ஜான் கர்வென் விரிவாக்கிப் பரப்பினார். எளிய மக்களும் பார்த்துப் பாட வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

சீஷோரும் திறன் சோதனையும்

சுவீடனில் பிறந்து அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கார்ல் சீஷோர் (1866–1949) இசைத்திறனை அளக்க முற்பட்டார். 1919இல் அவருடைய சோதனைகள் இசைத்தட்டு வடிவில் வெளிவந்தன. இரண்டு ஒலிகள் அடுத்தடுத்து ஒலிக்கும். இரண்டாவது ஒலியின் சுருதி உயர்ந்ததா, தாழ்ந்ததா என்று மாணவர் குறிக்க வேண்டும். போகப் போக இரண்டுக்கும் உள்ள வேறுபாடு குறைந்துகொண்டே வரும். இதே போல ஒலியின் வலிமை, கால அளவு, ஒலி நினைவு, தாளம் முதலியனவும் அளக்கப்பட்டன.

இந்த அடிப்படை உணர்திறன்கள் பெரும்பாலும் பிறவியில் அமைபவை, பயிற்சியால் அதிகம் மாறாதவை என்பது சீஷோரின் கருத்து. ராசெஸ்டர் நகரின் ஈஸ்ட்மன் இசைப்பள்ளியில் மாணவரை மதிப்பிட இச்சோதனைகள் பல ஆண்டுகள் பயன்பட்டன.

ஜேம்ஸ் மர்செல் இதனை மறுத்தார். தனித்தனி ஒலிகளைப் பிரித்தறிவது இசையறிவாகாது என்றும், ஒலிகளுக்கிடையே உள்ள உறவை உணர்வதே இசை என்றும் அவர் வாதிட்டார். இரு ஒலிகளின் மிக நுண்ணிய வேறுபாட்டைக் கண்டறியும் ஒருவர் நன்றாகப் பாடுவார் என்பதற்கு உறுதியில்லை. சோதனையில் பின்தங்கியவருக்கு ஒரு பாடலின் உருவம் மனத்தில் தெளிவாகப் பதியலாம். அளப்பதற்கு எளிதான ஒன்றையே திறன் என்று கொண்டால் தகுதியுள்ள குழந்தைகளும் வகுப்புக்கு வெளியே நிற்க நேரும். மர்செலின் மறுப்பால் கிடைத்த பாடம் இதுவே.

கோடாய்: பாட்டே முதல் பாடம்

ஹங்கேரிய இசையமைப்பாளர் சோல்தான் கோடாய் (1882–1967) தேர்வு என்ற பேச்சையே ஒதுக்கி, இசை எல்லோருக்கும் உரியது என்றார். பேலா பார்த்தோக்குடன் சேர்ந்து ஊர் ஊராகச் சென்று நாட்டுப்பாடல்களைத் திரட்டியவர் அவர். தாய்மொழி போலத் தாய்மண்ணின் பாட்டுகளே குழந்தையின் முதல் பாடமாக வேண்டும், கருவியைத் தொடுமுன் குரல் பயில வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அவர் பிறந்த கெச்கெமேத் நகரில் 1950இல் நாள்தோறும் இசை கற்பிக்கும் தொடக்கப்பள்ளி தொடங்கப்பட்டது.

கர்வெனின் கைக்குறிகள் இம்முறையில் பயன்படுகின்றன. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு கைநிலை உண்டு. காதால் கேட்பதைக் கண்ணும் கையும் உறுதிப்படுத்துகின்றன. முதல் ஸ்வரத்தை எந்தச் சுருதியிலும் வைத்துக்கொள்ளலாம். கருநாடக இசையில் பாடுபவரின் குரலுக்கேற்ப ஆதார ஷட்ஜம் மாறுவதை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று.

சுசுகி: தாய்மொழி முறை

ஜப்பானின் நகோயாவில் வயலின் உற்பத்தியாளர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் ஷினிச்சி சுசுகி (1898–1998). பெர்லினில் வயலின் பயின்ற அவர் ஒரு சாதாரண உண்மையைக் கவனித்தார். ஜப்பானியக் குழந்தைகள் எல்லோருமே ஜப்பானிய மொழியைப் பிழையின்றிப் பேசுகின்றனர். அதற்கு எந்த நுழைவுச் சோதனையும் இல்லை. அப்படியானால் இசையையும் அதே வழியில் கற்கலாமே என்பது அவர் வாதம்.

இரண்டாம் உலகப்போருக்குப் பின், 1946இல் மாட்சுமோட்டோ நகரில் அவர் பணி தொடங்கியது. குழந்தை முதலில் பல நாள் கேட்கிறது, பிறகு வாசிக்கிறது. எழுத்து வாசிப்பு பின்னரே வருகிறது. கற்ற பாடலைக் கைவிடாமல் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும். தாயோ தந்தையோ உடனிருந்து கற்க வேண்டும். தேர்ந்த கலைஞரை உருவாக்குவதைவிட நல்ல உள்ளத்தை வளர்ப்பதே தம் நோக்கம் என்று அவர் வலியுறுத்தினார்.

பின்னாளில் எட்வின் கார்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் இரு தரப்புக்கும் இடைப்பட்ட கருத்தை முன்வைத்தார். குழந்தைகள் வெவ்வேறு அளவு நாட்டத்திறனோடு பிறக்கின்றனர் என்றாலும், சுமார் ஒன்பது வயது வரை சூழலால் அது கூடும் அல்லது குறையும் என்றார். ஒலி இல்லாதபோதும் இசையை மனத்துள் பொருளுணர்ந்து கேட்பதே இசையறிவின் அடிப்படை என்பதும் அவர் கொள்கை.

கருநாடக இசைக் கல்வி

தமிழ்நாட்டில் வழங்கும் ‘கேள்வி ஞானம்’ என்ற சொல்லும் கேட்டே பெறும் அறிவைக் குறிப்பதுதான். சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம் எனப் படிப்படியாகச் செல்லும் பாடமுறையைப் புரந்தரதாசர் வகுத்தார் என்பது மரபு. எளியதிலிருந்து கடினமானதற்குச் செல்லும் கல்வி விதிக்கு இது சிறந்த எடுத்துக்காட்டு. ஆயினும் பாட்டே பாடாமல் மாதக்கணக்கில் வரிசைகளையே பாடும் குழந்தை சலிப்படைவதும் உண்டு. வரிசைகளோடு சிறு பாடல்களையும் சேர்த்துக் கற்பிப்பதற்கு மர்செலும் கோடாயும் காட்டிய காரணங்கள் இங்கும் பொருந்தும்.

இசை அறிவை வளர்க்குமா?

1993இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஒரு சிற்றாய்வு பெரும் பரபரப்பை உண்டாக்கியது. 36 கல்லூரி மாணவர்கள் மொசார்ட்டின் இசையைப் பத்து நிமிடம் கேட்டபின் இடஞ்சார் சிந்தனைச் சோதனையில் சற்றுக் கூடுதல் மதிப்பெண் பெற்றனர். அந்தப் பயன் கால் மணி நேரம் போல்தான் நீடித்தது. குழந்தைகள் அந்த ஆய்வில் இடம்பெறவே இல்லை. ஆனாலும் ‘மொசார்ட் விளைவு’ என்ற பெயரில் குழந்தைகளுக்கான இசைத்தட்டுகள் விற்றன. 1998இல் ஜார்ஜியா மாநில ஆளுநர் செல் மில்லர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைப்பதிவு வழங்க நிதி கோரினார். பின்வந்த ஆய்வுகள் அந்த விளைவைப் பெரிதும் மறுத்தன.

கேட்பது வேறு, கற்பது வேறு. கிளென் ஷெலன்பர்க் 2004இல் வெளியிட்ட ஆய்வில் ஆறு வயதுக் குழந்தைகள் 144 பேர் பங்கேற்றனர். ஓராண்டு இசை கற்றவர்களின் நுண்ணறிவு ஈவு சராசரியாக 7 புள்ளி உயர்ந்தது. மற்றவர்களுக்கு 4.3 புள்ளி உயர்ந்தது. வேறுபாடு உண்டு, ஆனால் சிறியது. நாடகம் கற்ற குழந்தைகளிடம் சமூக நடத்தை மேம்பட்டது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த பிற்கால ஆய்வாளர்கள் சிலர், இத்தகைய பயிற்சி மாற்றம் மிகக் குறைவு அல்லது இல்லை என்கின்றனர்.

கல்வியில் இசையின் இடம்

கணக்கில் மதிப்பெண் கூடும் என்று சொல்லி இசை வகுப்பைப் பெறுவது எளிது. மதிப்பெண் கூடாவிட்டால் அதே காரணத்தால் வகுப்பு பறிபோகும் என்பதை மறத்தல் ஆகாது. கணக்கு கற்பதால் பாட்டு வருமா என்று யாரும் கேட்பதில்லை. கூர்ந்து கேட்டல், பிறரோடு சேர்ந்து பாடுதல், ஒன்றை நாள்தோறும் பழகித் தேர்தல், தன் மண்ணின் பாடல்களை அறிதல் ஆகியவை இசைக் கல்வி நேரடியாகத் தரும் பயன்கள். ‘உனக்குக் குரல் இல்லை’ என்று முதல் வகுப்பிலேயே ஒரு குழந்தையைப் பின்வரிசைக்கு அனுப்பும் வழக்கத்துக்கு, நூறாண்டு கால ஆய்வு எந்த ஆதாரமும் தரவில்லை.