கொற்கை முத்தும் குகைப் பள்ளியும்

ஊர்வாழ்வைத் துறந்து காடு புகுந்து எளிய வாழ்வு மேற்கொள்ளுதல் தமிழர்க்குப் புதியதன்று. தொல்காப்பியர் வாகைத் திணையுள் தாபதர்க்கும் இடம் வகுத்தார். புறநானூற்றின் 251, 252-ஆம் பாட்டுக்களில் மாற்பித்தியார் அத்தகைய ஒருவனைக் காட்டுவர். இளமையில் மகளிர் நெஞ்சம் கவர்ந்த அவன், பின்னர் அருவியாடி, காட்டுயானை கொணர்ந்த விறகால் தீ மூட்டி, தாளியிலை கொய்து வாழ்கின்றான். அவனருகே ஊரார் ஒருவரும் இலர். ஆயின், கல்வெட்டுக்கள் காட்டும் துறவு இத்தகையதன்று. அவ்வேறுபாட்டை முத்துவளம் மிக்க பாண்டிக் கடற்கரையோடு இயைத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மதுரைக்கு அணித்தாகிய மாங்குளத்துக் குகைகளில் உள்ள தமிழி எழுத்துக்களை 1882-இல் இராபர்ட்டு சூவெல் கண்டறிந்தார். அவை கி.மு. இரண்டாம் நூற்றாண்டின என்பர். கணி நந்தாசிரியன் என்னும் துறவிக்கு, நெடுஞ்செழியனின் பணியாளன் கடலன் வழுதி பள்ளி அமைத்த செய்தியை ஒரு கல்வெட்டுக் கூறுகின்றது. மற்றொன்றில் வெள்ளறை வணிகர் குழுவைச் சார்ந்த காவிதி அந்தை அசுதன் கொடையாளனாக வருகின்றான். அவன் பெயரோடு நிற்கும் பதவிச் சொல்லை, முத்துக்களின் கண்காணிப்பாளன் என ஐராவதம் மகாதேவன் விளக்குவர். காழ் என்பது முத்துவடத்தைக் குறித்தலின் இவ்விளக்கம் பொருந்துவதே. அங்ஙனமாயின், கடல்படு பொருளை ஆண்டவன் ஒருவன் மலைவாழ் துறவிக்குத் துணைநின்றான் என்பது பெறப்படும்.

அம்முத்து எவ்வாறு எடுக்கப்பட்டது? பாண்டியர் துறைமுகமாகிய கொற்கையில் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்தெடுத்தனர் எனக் கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூலாகிய பெரிப்ளூசு கூறும். கல்வெட்டின் காலமும் நூலின் காலமும் வேறாயினும், இரண்டனையும் ஒருங்கு நோக்கின் ஓர் உண்மை புலனாகும். குகையில் கற்படுக்கையில் கிடந்தோன் துன்பத்தைத் தானே விரும்பி ஏற்றான். கடலில் மூழ்கினோன்மீது அது சுமத்தப்பட்டது. கண்காணித்தவன் பெயர் கல்லில் நின்றது. மூழ்கியவன் பெயர் நின்றிலது.

இத்தொடர்பு பிற்காலத்தும் அறவில்லை. தூத்துக்குடி மாவட்டத்துக் கழுகுமலையில், எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளில் சமண உருவங்கள் பல செதுக்கப்பெற்றன. அவற்றின்கீழ் உள்ள வட்டெழுத்துக்கள் அவற்றைச் செய்வித்தோரைக் குறிக்கின்றன. தச்சர், குயவர் முதலிய தொழிலாளரும் குரத்தியர் எனப்பெறும் பெண் ஆசிரியரும் அவருள் உளர். அரைமலை எனப்பட்ட அவ்விடத்தே சித்தாந்தம் உரைத்த குணசாகர பட்டாரர் முதலியோர்க்கு உணவளிக்க நிலம் விடப்பட்டது. ஊரார் சோறளித்தனர், துறவியர் அறிவளித்தனர்.

எனவே, காடு புகுந்தோர் சமுதாயத்தை முற்றும் விட்டகன்றார் எனல் பொருந்தாது. இருப்பிடமும் வாழ்க்கை முறையும் மாறினவேயன்றி உறவு அற்றதன்று. இது துறவிக்கு இழுக்காகாது; அவன்பால் ஊரார் பெற்ற பயனும் பெரிதே. ஆயினும் துறவின் எளிமையைப் போற்றுவார், அவ்வெளிமையைத் தாங்கிய உழைப்பு யாருடையது என்பதனையும் உடன் ஆராய்தல் வேண்டும். மாற்பித்தியார் பாட்டில் காணப்பெறாத அம்மனிதரை நாம் தேடவேண்டிய இடம் கொற்கைக் கடலேயாம்.