துப்பாக்கி சுமந்த சைக்கிள்கள்

1897 ஜூன் 14. அமெரிக்காவின் வடமேற்கே, மொன்டானா மலைகளுக்கு நடுவேயுள்ள மிசூலா கோட்டையிலிருந்து 25ஆம் காலாட்படையின் கறுப்பினச் சிப்பாய்கள் 20 பேர் சைக்கிளில் கிளம்பினார்கள். சேர வேண்டிய ஊர் செயின்ட் லூயிஸ். தூரம் சுமார் 1,900 மைல். தலைமை தாங்கியவர் லெப்டினன்ட் ஜேம்ஸ் மாஸ் என்ற வெள்ளை அதிகாரி. கூடவே ஒரு மருத்துவர், ஒரு நிருபர்.

குதிரைக்குத் தீனி வேண்டும், தண்ணீர் வேண்டும்; சைக்கிளுக்கு என்ன வேண்டும் என்பது மாஸின் வாதம். முந்தைய ஆண்டே யெல்லோஸ்டோன் வரை ஒரு சிறு குழுவோடு ஓட்டிப் பார்த்திருந்தார்.

வாதம் சரி, பாதைதான் சரியில்லை. ஹேண்டில்பாரில் சுருட்டிக் கட்டிய போர்வை, கூடாரத் துணி. போதாததற்குத் துப்பாக்கி, தோட்டா. மழை பெய்தால் களிமண் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும். உடனே ரயில் தண்டவாளத்தில் ஏறுவார்கள். ஸ்லீப்பர் கட்டைகளில் தடதடத்து ஓட்டினால் உடம்பு கழன்றுவிடும். பல மைல்கள் உருட்டிக்கொண்டு நடந்தார்கள். முகடுகளில் பனி. நெப்ராஸ்காவிலோ சுடுமணல், உவர்நீர் குடித்துப் பலர் படுத்தார்கள், மாஸும் தப்பவில்லை.

ஜூலை 24இல் ஊர் சேர்ந்தார்கள். திரும்பியது ரயிலில்! மறு ஆண்டு ஸ்பெயினுடன் போர் மூள, படை கியூபாவுக்குப் போனது. சைக்கிள் சோதனை அத்தோடு நின்றது. மாஸின் பெயர் நிலைத்த அளவுக்கு, மிதித்த சிப்பாய்களின் பெயர்கள் நிலைக்கவில்லை, அது அநியாயம்தான்.

1976இல் நாலாயிரம் பேருக்கு மேல் கலந்துகொண்ட, அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் சைக்கிள் பயணத்தை நடத்திய அமைப்பின் அலுவலகமும் அதே மிசூலாவில்தான் இருந்தது.