ஹூக்ளிக் கரைப் பள்ளிக்கூடம்: ழான் ரெனுவாரும் தமிழ்த் திரைக்கு வந்த வெளிச்சமும்

1951-இல் வெளியான ‘தி ரிவர்’ படம் ஒரு மாக்கோலத்தோடு தொடங்குகிறது. அரிசி மாவுக் கரைசலில் தோய்ந்த விரல்கள் தரையில் வெள்ளைக் கோடு இழுக்கின்றன. கோடு வளைந்து, பூவாகிறது. அரியலூர் மாவட்டத் தா.பழூரில் பண்டிகை நாளில் நடுவீட்டில் மாக்கோலம் போட்டுப் பழகிய எந்தப் பெண்ணும் அந்தக் கை எப்படி அசைகிறது என்பதை உடனே கண்டுகொள்வாள். ஆனால் கோலம் போடப்படும் இடம் வங்காளம். படம் பேசும் மொழி ஆங்கிலம். பணம் போட்டவர் அமெரிக்கர். இயக்கியவர் பிரெஞ்சுக்காரர், ழான் ரெனுவார்.

ஓர் இயக்குநரின் செல்வாக்கைக் கணிக்கும்போது, அவருடைய படங்களை யார் யார் பார்த்தார்கள் என்ற கேள்வியைத்தான் நம் திரை வரலாற்றாளர்கள் முதலில் கேட்கிறார்கள். ரெனுவார் விஷயத்தில் அந்தக் கேள்வி தமிழ்நாட்டைப் பொறுத்தவரை பயனற்றது. அவர் படங்கள் நம் ஊர்க் கொட்டகைகளுக்கு வந்தவையல்ல. படப்பிடிப்பின்போது அவர் பக்கத்தில் யார் நின்றார்கள், அங்கே எதைக் கற்றார்கள், கற்றதை எங்கே கொண்டுபோனார்கள் என்று கேட்டால்தான் ஒரு தடம் புலப்படுகிறது. அந்தத் தடம் பாரிஸிலிருந்து கல்கத்தா வழியாகச் சென்னைக்கு வருகிறது. இடையில் அடையாற்றிலிருந்து கல்கத்தாவுக்குப் போன தடம் ஒன்றும் உண்டு.

தமிழகத்துக்கும் பிரெஞ்சு சினிமாவுக்கும் முதல் தொடர்பு வியாபாரத்தில் ஏற்பட்டது. 1905-இல் திருச்சிக்கு வந்த டூபான் என்ற பிரெஞ்சுக்காரர், தம்மிடமிருந்த படம் காட்டும் கருவியையும் படச்சுருள்களையும் ரயில்வே ஊழியரான சாமிக்கண்ணு வின்சென்ட்டுக்கு விற்றார். வின்சென்ட் வேலையை விட்டுவிட்டுக் கூடாரத்தோடு ஊர் ஊராகப் படம் காட்டப் புறப்பட்டார். 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். டூரிங் டாக்கீஸ் என்று பின்னாளில் நாம் அறிந்த மரபுக்கு இதுதான் வேர். இன்றைய அரியலூர் மாவட்டம் அப்போது திருச்சி ஜில்லாவில்தான் இருந்தது என்பதால், தா.பழூர் வட்டாரத்து வாசகருக்கு இது சொந்தக் கதை. ஆனால் டூபான் விட்டுச் சென்றது ஒரு கருவி. அதைக் கொண்டு எதை, எப்படி எடுப்பது என்ற பாடம் வந்துசேர அரை நூற்றாண்டு ஆனது.

ழான் ரெனுவார் 1894 செப்டம்பர் 15 அன்று பாரிஸின் மோமார்த்ரில் பிறந்தவர். தந்தை உலகப் புகழ்பெற்ற ஓவியர் பியேர்-ஒகுஸ்த் ரெனுவார். முதல் உலகப் போரில் காலில் குண்டு பாய்ந்தது; வாழ்நாள் முழுவதும் நொண்டித்தான் நடந்தார். காயம் ஆறும் காலத்தில் பார்த்த படங்கள், குறிப்பாகச் சாப்ளின், அவரைச் சினிமாப் பக்கம் இழுத்தன. ஆரம்பப் படங்களுக்கு முதலாக, தந்தை விட்டுச் சென்ற ஓவியங்களை ஒவ்வொன்றாக விற்றார். அந்தத் திரைப்படங்கள் பணத்தைத் திருப்பித் தரவில்லை.

1930-களில்தான் அவர் கை நிலைத்தது. ‘தோனி’ (1935) படத்துக்காகத் தென்பிரான்ஸுக்குப் போய், அந்த ஊரிலேயே, அங்கிருந்தவர்களையும் சேர்த்துக்கொண்டு எடுத்தார். ‘லா கிராந்த் இல்யூஸியோன்’ (1937) போர்க் கைதிகளைப் பற்றியது. எதிரியையும் மனிதனாகப் பார்த்ததற்காக நாஜிகள் அதை வெறுத்தார்கள். ‘லா ரேக்ல் து ஜு’ 1939 ஜூலையில் வெளியாகிப் படுதோல்வி அடைந்தது. வெட்டினார்கள், பிறகு தடையும் செய்தார்கள். மூலப்பிரதி போரில் குண்டுவீச்சில் அழிந்தது. கிடைத்த துண்டுகளைச் சேர்த்து 1959-இல் மீட்டுக் கட்டிய பிறகு, உலகின் தலைசிறந்த படங்களில் ஒன்றாக அது ஏற்கப்பட்டது.

இந்தப் படங்களைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். இங்கே நமக்கு வேண்டியது வேறொரு செய்தி. 1936-இல் எடுத்த ‘பார்த்தி து காம்பான்’ படத்தில் அவருக்கு உதவியாளர்களாக இருந்தவர்களில் லுக்கினோ விஸ்கோந்தி, ஹென்றி கார்த்தியே-பிரெஸோன், ஜாக் பெக்கர் ஆகிய மூவரும் உண்டு. முதலாமவர் 1943-இல் ‘ஓஸெஸியோனே’ எடுத்து இத்தாலிய நவயதார்த்தத்துக்கு வாசல் திறந்தார். அடுத்தவர் புகைப்படக் கலையின் மேதை. மூன்றாமவர் பிரான்ஸின் முக்கிய இயக்குநரானார். ரெனுவாரின் படப்பிடிப்புத் தளம் என்பதே ஒரு குருகுலமாக இருந்திருக்கிறது.

1940-இல் ஜெர்மானியப் படைகளிடமிருந்து தப்பி அமெரிக்கா போன ரெனுவார், ஹாலிவுட்டின் ஸ்டூடியோ முறையோடு கடைசிவரை ஒட்டவில்லை. ரூமர் காடனின் ‘தி ரிவர்’ நாவலைப் படமாக்க அவர் விரும்பினார். லாஸ் ஏஞ்சலீஸில் பூக்கடைத் தொழில் நடத்திவந்த கென்னத் மெக்கெல்டௌனி என்பவர் பணம் போட முன்வந்தார். இந்தியா என்றால் புலி வேட்டையும் யானையும் இருக்க வேண்டாமா என்று கேட்கும் பெரிய நிறுவனங்களைவிட இந்தப் பூ வியாபாரி எவ்வளவோ மேல்.

இடம் பார்க்க 1949-இல் ரெனுவார் கல்கத்தா வந்தார். விளம்பர நிறுவனமொன்றில் ஓவியராக வேலை பார்த்துக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் அவரை ஓட்டலில் தேடிப்போய்ச் சந்தித்தார். விடுமுறை நாட்களில் அவரோடு கிராமங்களைச் சுற்றினார். சத்யஜித் ரே. ‘பதேர் பாஞ்சாலி’யைப் படமாக்கும் எண்ணத்தை அவர் சொன்னபோது ரெனுவார் ஊக்கம் கொடுத்தார். நிறையக் காட்ட வேண்டியதில்லை, காட்டுவது சரியானதாக இருந்தால் போதும் என்பது ரெனுவாரிடம் கற்ற பாடமாக ரே பின்னாளில் நினைவுகூர்ந்த ஒன்று.

படப்பிடிப்பு 1949 இறுதியில் ஹூக்ளிக் கரையில், பாரக்பூர் அருகே தொடங்கியது. இந்தியாவில் எடுத்த முதல் டெக்னிகலர் படம் இது. பெரிய கேமரா, ஏராளமான வெளிச்சம் வேண்டும்; எடுத்த சுருளைக் கழுவ லண்டனுக்கு அனுப்ப வேண்டும். ஒளிப்பதிவு, ரெனுவாரின் அண்ணன் மகன் கிளோத் ரெனுவார். கலை இயக்குநர் யூஜீன் லூரியேயிடம் உதவியாளராகச் சேர்ந்தவர் பன்சி சந்திரகுப்தா. கேமரா இயக்கியவர் ராமானந்த சென்குப்தா. உதவி இயக்குநர்களில் ஒருவர் ஹரிசாதன் தாஸ்குப்தா.

இத்தனை பேர் நடுவே சம்பளமும் பதவியும் இல்லாத ஒரு பையனும் நின்றுகொண்டிருந்தான். சுப்ரதோ மித்ரா, வயது இருபதுகூட நிரம்பவில்லை. கேமரா எங்கே நிற்கிறது, விளக்குகள் எந்தெந்தப் பக்கம், நடிகர் எங்கிருந்து எங்கே நகர்கிறார் என்று அன்றன்றைக்கு ஒரு நோட்டில் படம் போட்டுக் குறித்துவைத்தார். ஒரு கட்டத்தில், முன்பு எடுத்த காட்சியோடு ஒளி பொருந்த வேண்டும் என்பதற்காகக் கிளோத் ரெனுவாரே அந்த நோட்டைக் கேட்டுவாங்கிப் பார்த்தார் என்பது மித்ராவே சொன்ன செய்தி. எடுத்த சுருள் கடல் கடந்து போய்த் திரும்ப வேண்டிய நிலையில், அந்த நோட்டுக்கு இருந்த மதிப்பை நாம் ஊகிக்கலாம்.

அடையாறு இங்கேதான் வருகிறது. ‘தி ரிவர்’ படத்தில் ஆங்கிலேயத் தந்தைக்கும் இந்தியத் தாய்க்கும் பிறந்த மெலனி என்ற பாத்திரம் காடனின் நாவலில் இல்லை; படத்துக்காகச் சேர்த்தது. அதை ஏற்று நடித்தவர் ராதா ஸ்ரீராம். 1923-இல் அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் பிறந்தவர், என். ஸ்ரீராமின் மகள், ருக்மிணி தேவி அருண்டேலுக்கு அண்ணன் மகள், கலாக்ஷேத்ராவின் தொடக்ககால மாணவிகளில் ஒருவர், காசியில் சமஸ்கிருதம் படித்தவர். கதைக்குள் ஒரு கதையாக வரும் திருமணக் காட்சியில் அவர் ஆடுகிறார். பரதநாட்டியத்தின் அடவுகளை ரெனுவார் துண்டு துண்டாக வெட்டவில்லை. உடல் முழுவதும் தெரியும்படி கேமராவைத் தள்ளிவைத்து, ஆட்டம் தன் போக்கில் முடியும்வரை காத்திருக்கிறார். முகத்துக்கும் காலுக்கும் கேமரா தாவித் தாவி ஓடும் அக்காலத்து நம் நாட்டியக் காட்சிகளோடு இதை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். படத்தின் இசைப் பொறுப்பு எம்.ஏ. பார்த்தசாரதி என்பவரிடம் இருந்தது.

ராதா பின்னர் ராதா பர்னியர் ஆனார். 1980 முதல் 2013-இல் மறையும்வரை பிரம்மஞான சபையின் உலகத் தலைவராக இருந்தார். தமிழ்த் திரை வரலாறுகளில் அவர் பெயரைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். தமிழ்ப்படத்தில் நடிக்காதவர் என்பது காரணமாக இருக்கலாம். போதிய காரணமாக எனக்குப் படவில்லை.

படத்தின் குறையையும் சொல்லியாக வேண்டும். வங்காளப் பஞ்சம் முடிந்து ஆறேழு ஆண்டு, பிரிவினை நடந்து இரண்டு ஆண்டு. அந்தக் காயம் எதுவும் ‘தி ரிவர்’ படத்தில் இல்லை. சணல் ஆலைக்கு முன் ஓர் ஆங்கிலேயக் குடும்பம், கால் இழந்த அமெரிக்க வீரனைக் காதலிக்கும் மூன்று பெண்கள், நாகம் தீண்டி இறக்கும் ஒரு சிறுவன். உழைப்பவர்கள் பின்னணியில் நகர்கிறார்கள். கொள்ளிடக் கரையில் வாழ்கிறவன் அந்தப் படித்துறையையும் ஓடங்களையும் ஆசையோடு பார்ப்பான். மதனத்தூருக்கும் நீலத்தநல்லூருக்கும் இடையே பாலம் வருமுன் ஆற்றைக் கடந்தவர்களுக்கு அவை வெறும் அழகல்ல. ஆனால் ஓடக்காரன் வீட்டில் என்ன சமையல் என்று ரெனுவார் எட்டிப்பார்க்கவில்லை. ரேயும் படத்தில் முழுத் திருப்தி அடைந்தவரல்ல.

எட்டிப்பார்க்கும் வேலையை அவர் பக்கத்தில் நின்றவர்கள் செய்தார்கள். ‘பதேர் பாஞ்சாலி’ (1955) படத்துக்கு ரே தேர்ந்தெடுத்த ஒளிப்பதிவாளர், அதற்குமுன் சினிமா கேமராவைக் கையாண்டிராத சுப்ரதோ மித்ரா. கலை இயக்கம் பன்சி சந்திரகுப்தா. அடுத்த படமான ‘அபராஜிதோ’வில் (1956) காசி வீட்டின் முற்றத்தைக் கல்கத்தா ஸ்டூடியோவில் போட வேண்டியிருந்தது. நிஜ முற்றத்தில் வானத்திலிருந்து இறங்கும் வெளிச்சத்துக்கு நிழல் கூர்மையாக விழாது. ஸ்டூடியோ விளக்கை நேராக அடித்தால் ஒருவருக்கு மூன்று நிழல் விழும். மித்ரா முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டினார். விளக்குகளைக் கீழே வைத்துத் துணியை நோக்கித் திருப்பினார். துணியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் முற்றத்தில் பரவியது. பவுன்ஸ் லைட்டிங் என்று இன்று எல்லாக் கேமராமேன்களும் சொல்வது இதைத்தான்.

அதே காலத்தில் சென்னையிலும் சேலத்திலும் ஸ்டூடியோ விளக்குகள் நேராக முகத்தில் அடித்துக்கொண்டிருந்தன. நம் ஒளிப்பதிவாளர்கள் திறமையில் குறைந்தவர்கள் அல்லர். நட்சத்திர முகமும் வசனமும் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பது அன்றைய தேவை. எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் 1936 முதல் 1950 வரை தமிழிலேயே படமெடுத்தும், அந்த ஒழுங்குக்குள்தான் பெரும்பாலும் இயங்கினார்.

முதல் கசிவு கல்கத்தாவிலிருந்து வந்த நிமாய் கோஷால் நேர்ந்தது. அகதிகளைப் பற்றிய ‘சின்னமூல்’ எடுத்த அவர் சென்னையில் குடியேறி, 1960-இல் ‘பாதை தெரியுது பார்’ படத்தை இயக்கினார். இசை எம்.பி. சீனிவாசன், ஜெயகாந்தனும் பாட்டு எழுதினார். படம் ஓடவில்லை. 1959-இல் ரேயைத் தலைவராகக் கொண்டு தொடங்கிய திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பில் துணைத்தலைவராக இருந்த அம்மு சுவாமிநாதன் சென்னையில் வாழ்ந்தவர். இவ்விரு செய்திகளும் முளைப்பாரி அளவுதான். இவற்றை ஓர் இயக்கமாக ஊதிப் பெருக்குவது சரியல்ல.

உண்மையான திருப்பம் மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா. புனேயில் ஒளிப்பதிவு படித்து 1969-இல் வெளிவந்தவர். ‘பதேர் பாஞ்சாலி’ தம்மை எப்படி உலுக்கியது என்று எத்தனையோ இடங்களில் பேசியிருக்கிறார். ‘முள்ளும் மலரும்’ (1978), ‘அழியாத கோலங்கள்’ (1979), ‘மூன்றாம் பிறை’ (1982) என்று வரிசையாகப் பார்த்தால், தமிழ்ப்படத்தில் சன்னல் வழியே வரும் வெளிச்சம் சன்னல் வழியே வருவதாகவே தெரியத் தொடங்குவது இந்த ஆண்டுகளில்தான். அவர் ரெனுவாரிடம் நேரடியாகக் கற்றார் என்று சொல்ல ஆதாரம் தேவையில்லை, ஏனென்றால் நான் அப்படிச் சொல்லவில்லை. மித்ராவின் நோட்டில் தொடங்கிய ஒரு பழக்கம், அதாவது விளக்கைத் தொடுமுன் அந்த இடத்து வெளிச்சத்தைக் கவனிப்பது, ரேயின் படங்கள் வழியே அவரை அடைந்தது என்பதே வாதம்.

நடுவில் இன்னொரு பிரெஞ்சுக்காரரும் சென்னை வந்துபோனார். லூயி மால், 1968-இல் இந்தியா முழுதும் சுற்றி எடுத்த ‘லாந்த் ஃபான்தோம்’ தொடரின் ஒரு பகுதி சென்னைக்கே உரியது. மயிலாப்பூர்த் தேரும் கலாக்ஷேத்ரா வகுப்புகளும் அதில் உண்டு. அவருடைய ஒளிப்பதிவாளர் எத்தியேன் பெக்கர், ரெனுவாரின் உதவியாளர் ஜாக் பெக்கரின் மகன். ராதா ஆடக் கற்ற பள்ளியை ரெனுவார் சீடரின் மகன் படம்பிடித்திருக்கிறார். ஆனாலும் இந்தத் தொடர் இங்கே எதையும் விதைக்கவில்லை. பி.பி.சி. அதை ஒளிபரப்பியதும் இந்திய அரசு சினந்து பி.பி.சி.யின் தில்லி அலுவலகத்தை மூடவைத்தது, அதோடு சரி. மால் தம் ஆட்களோடு வந்தார், தம் ஆட்களோடு திரும்பினார். பக்கத்தில் நின்று நோட்டில் குறிக்க உள்ளூர்ப் பையன் ஒருவனும் இல்லை.

ரெனுவார் 1979-இல் அமெரிக்காவில் காலமானார். பிரான்ஸில் இயக்குநர் த்ருஃபோ தம் நிறுவனத்துக்கு ரெனுவாரின் படமொன்றின் பெயரையே சூட்டிக்கொண்டார். ‘தி ரிவர்’ 2004-இல் புதுப்பிக்கப்பட்டது. தமிழில் அந்த வழி இன்றும் ஆள் மூலமாகவே நகர்கிறது. பாலாவும் வெற்றிமாறனும் பாலு மகேந்திராவிடம் உதவியாளர்களாக நின்று கற்றவர்கள். 1988-இல் வெளிவந்த ‘வீடு’ படத்துக்காக அவர் சாலிகிராமத்தில் கட்டத் தொடங்கிய வீட்டில்தான், பின்னாளில் ‘சினிமா பட்டறை’ என்ற பயிற்சிக்கூடத்தை நடத்தினார்.