கடமான் இணைசேரும் காலம்: கேமராவோடு பந்திப்பூர் போறீங்களா?

தேவராஜ மொஹல்லாவிலிருந்து சுமார் 80 கி.மீ. தூரத்தில் பந்திப்பூர். அங்கே இருக்கும் கடமான்தான் இந்தியாவின் மிகப் பெரிய மான். தமிழில் மிளா என்றும் சொல்வோம், கன்னடத்தில் கடவெ. வழிகாட்டிகள் சாம்பார் என்பார்கள்.

எப்போது போகலாம்?

பொதுவாக நவம்பர், டிசம்பரில் இணைசேரல் அதிகம். கொம்பு முற்றிய ஆண் சேற்றில் புரளும். கண்ணோரச் சுரப்பியைச் செடி, மரங்களில் தேய்த்து வாசனை விடும். அமெரிக்காவின் எல்க் மாதிரி பெரிய பெண் கூட்டத்தைக் கட்டிக் காக்காது. சில பெண் மான்களோடுதான் திரியும். அதனால் கூட்டத்தைத் தேடாதீங்க, நீர்நிலை ஓரத்தைக் கவனிங்க.

கேமராவில் என்ன மாத்தணும்?

விடியலிலும் அந்தியிலும்தான் நடமாட்டம் அதிகம். வெளிச்சம் குறைவு என்பதால் ஐஎஸ்ஓ 1600, ஷட்டர் 1/500-இல் ஆரம்பிங்க. இன்ஜினை அணைக்கச் சொல்லுங்க. இல்லேன்னா படம் ஆடிடும். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்.

எப்போது நிறுத்தணும்?

வாலைத் தூக்கி, முன்னங்காலால் தரையைத் தட்டினால் மான் மிரண்டிருக்கிறது. காரணம் உங்கள் வண்டி என்றால் விலகிடுங்க. இந்தக் காலத்தில் ஆண் மான் மேய்வது குறைவு. வீணாக ஓடும் ஒவ்வொரு ஓட்டமும் அதன் உடம்பைக் கரைக்கும். திரும்பிப் பார்க்க வைக்க விசில் அடிக்காதீங்க. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, காப்பகத்துக்குள் விலங்கைச் சீண்டுவது குற்றம்.

கிளம்பும் முன், சஃபாரி நடக்கிறதா, லென்ஸுக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று வனத்துறையிடம் கேட்டுக்கோங்க.