தாந்தேயின் 'டிவைன் காமெடி': எந்த ஆங்கில மொழிபெயர்ப்பைப் படிக்கலாம்?

இந்த வருஷமாவது 'இன்ஃபெர்னோ' படித்துவிட வேண்டும் என்று, இணையத்தில் இலவசமாகக் கிடைத்த பிரதியை டவுன்லோட் செய்திருப்பீர்கள். மூன்று பக்கம் தாண்டியிருக்காது. 'தௌ', 'ஹாத்' என்று பழைய ஆங்கிலம். எழுவாய் ஒரு மூலையில், வினைச்சொல் இன்னொரு மூலையில். "இது நமக்கு செட் ஆகாதுப்பா" என்று மூடி வைத்திருப்பீர்கள்.

தப்பு உங்கள் மேல் இல்லை, தாந்தே மேலும் இல்லை. இலவசமாகக் கிடைப்பவை பெரும்பாலும் காப்புரிமை முடிந்த பழைய மொழிபெயர்ப்புகள். ஒன்று, ஹென்றி பிரான்சிஸ் கேரி 1814இல் முழுமையாக வெளியிட்டது. இன்னொன்று, அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெல்லோ 1867இல் வெளியிட்டது. நீங்கள் மல்லுக்கட்டியது 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தோடு.

தாந்தே எழுதியது யாருடைய மொழி?

தாந்தே அலிகியேரி (1265–1321) ஃப்ளோரன்ஸ்காரர். அரசியலில் தோற்ற அணியில் இருந்ததால் 1302இல் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டார். பிடிபட்டால் உயிரோடு எரிக்க வேண்டும் என்பது தீர்ப்பு. ஊர் ஊராக அலைந்த அந்த வருடங்களில்தான் இந்தக் காவியம் உருவானது: நரகம், உத்தரிக்கும் தலம், சொர்க்கம் என 3 பாகம், 100 கான்டோக்கள், 14,233 அடிகள். அவர் கைப்பட எழுதிய ஒரு பக்கம்கூட மிஞ்சவில்லை. (பிறர் படியெடுத்த பழைய கைப்பிரதி ஒன்று மும்பை ஏசியாட்டிக் சொசைட்டியில் இருக்கிறது.)

அறிஞர்கள் லத்தீனில் எழுதிய காலம் அது. தாந்தே எடுத்துக்கொண்டதோ தஸ்கனி மக்கள் வீட்டிலும் சந்தையிலும் பேசிய மொழி. அவர் வைத்த பெயரும் வெறும் 'கொமேதியா'தான். துன்பத்தில் தொடங்கி நல்லபடியாக முடியும் கதைக்கு அன்று அதுதான் பெயர். 'டிவைன்' பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

ஒரு இடத்தைப் பாருங்கள். இன்ஃபெர்னோவின் 21ஆம் கான்டோ முடிவில், பேய்களின் தலைவன் தன் பின்பக்கத்தையே எக்காளமாக்கி ஊதி, படைக்கு சிக்னல் கொடுக்கிறான். தாந்தே அதைப் பச்சையாகவே சொல்கிறார். கேரியோ, ஏதோ ஆபாசமான ஓசை கேட்டது என்று பூசி மெழுகிவிட்டார். சத்தம் எங்கிருந்து வந்தது என்றே வாசகருக்குத் தெரியாது! 18ஆம் கான்டோவில் முகஸ்துதிக்காரர்கள் மலத்தில் மூழ்கிக் கிடக்கிறார்கள். அங்கேயும் தாந்தே தெருவில் புழங்கும் சொல்லைத்தான் போடுகிறார். ஆகவே, இன்றைய ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பவர் காவியத்தைக் கீழே இறக்குவதில்லை. கேரி மாதிரியானவர்கள் மேலே தூக்கி வைத்ததைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருகிறார்.

அப்போ எளிமையா எழுதிட வேண்டியதுதானே?

அங்கேதான் சிக்கல். தாந்தே அமைத்த யாப்புக்கு 'டெர்ட்சா ரீமா' என்று பெயர். மூன்று மூன்று அடிகளாகப் போகும். முதல் அடியும் மூன்றாம் அடியும் ஒரே ஒலியில் முடியும். நடு அடியின் ஒலி, அடுத்த மூன்றடிக்கு முதலும் கடைசியுமாக வரும். கிட்டத்தட்ட நம் அந்தாதி மாதிரி, ஒன்று இன்னொன்றைப் பிடித்து இழுத்துக்கொண்டே போகும். கதை எங்கேயும் நிற்காமல் ஓடுவது இந்த இழுப்பால்தான். இத்தாலியச் சொற்கள் பெரும்பாலும் உயிரொலியில் முடிவதால் இயைபுக்குப் பஞ்சமே இல்லை. ஆங்கிலத்தில் அப்படிக் கிடைக்காது.

அதனால் ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். துப்பறியும் நாவல்களால் புகழ்பெற்ற டோரதி எல். சேயர்ஸ் (1949) சங்கிலியை விடவில்லை. விலையாக, இயைபுக்காக வாக்கியங்களை முறுக்க வேண்டியிருந்தது. ஜான் சியார்டி (1954) நடு அடியைக் கழற்றிவிட்டு மற்ற இரண்டுக்கு மட்டும் இயைபு வைத்தார். ராபர்ட் பின்ஸ்கி (1994), அச்சாகப் பொருந்தாமல் பக்கத்தில் ஒலிக்கும் சொற்களே போதும் என்றார். படிக்கும்போது அதுதான் இயல்பாக இருக்கிறது. கிளைவ் ஜேம்ஸ் (2013) மூன்றடியை நான்கடியாக்கி, அடிக்குறிப்பில் வர வேண்டிய விவரங்களைக் கவிதைக்குள்ளேயே கரைத்துவிட்டார்.

துணிச்சல்காரர் மேரி ஜோ பாங் (2012). அவருடைய நரகத்தில் 'சவுத் பார்க்' கார்ட்டூனின் கார்ட்மேன்கூடத் தலைகாட்டுகிறான். சிரிக்காதீர்கள், தாந்தேவும் தன் ஊர் வம்புகளையும் தனக்குப் பிடிக்காதவர்களையும்தான் நரகத்தில் நிரப்பினார். ஆனால் 50 வருஷம் கழித்துக் கார்ட்மேனுக்கும் ஒரு அடிக்குறிப்பு தேவைப்படும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தாந்தே எல்லா இடத்திலும் எளிமையானவர் இல்லை. சொர்க்கப் பகுதியின் 2ஆம் கான்டோவிலேயே, சின்னப் படகில் வருகிறவர்கள் கரைக்குத் திரும்பிவிடுங்கள் என்று வாசகரை எச்சரிக்கிறார். 9ஆம் கான்டோவில் 'நீ', 'நான்' என்ற சொற்களையே வினைச்சொல்லாக்கிவிடுகிறார். ஒருவருக்குள் ஒருவர் புகுவதைச் சொல்ல இருக்கிற மொழி அவருக்குப் போதவில்லை. இதையும் வழவழவென்று எளிமையாக்கினால், கேரி செய்ததையே எதிர்த்திசையில் செய்வதாகும்.

சரி, எதை வாங்குவது?

முதல் தடவை, அதுவும் மெட்ரோவில் போகும்போது படிக்கிறீர்கள் என்றால் பின்ஸ்கி. ஆனால் அவர் இன்ஃபெர்னோவோடு நிறுத்திவிட்டார். மூன்று பாகமும் வேண்டும் என்றால் சியார்டி. ஒவ்வொரு கான்டோவுக்கும் முன்னால் கதைச்சுருக்கம், பின்னால் குறிப்புகள் கொடுத்திருக்கிறார். இத்தாலிய மூலம் எதிர்ப்பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பவர்களுக்கு ராபர்ட் – ஜீன் ஹாலண்டர் தம்பதியின் பதிப்பு. குறிப்புகள் கவிதையைவிட நீளம், பையும் கனக்கும்.

கடையில் நின்று தேர்வு செய்கிறீர்களா? முதல் பக்கத்தைப் பார்க்காதீர்கள், அதை எல்லாரும் மெருகேற்றித்தான் வைத்திருப்பார்கள். நேராக 21ஆம் கான்டோவின் கடைசி அடிக்குப் போய், அந்தப் பேய் எதால் ஊதுகிறது என்று பாருங்கள்.