ஷூவுக்கு சைஸ் உண்டு, ஏ.டி.எம் திரைக்கு?

ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் 'லாஸ்ட்' என்று ஒரு பொருள் உண்டு. கால் வடிவத்தில் செய்த அச்சு அது. சைஸ் 38க்கு ஒரு லாஸ்ட், 39க்கு வேறு லாஸ்ட். இரண்டுக்கும் நீளத்தில் எவ்வளவு வித்தியாசம் தெரியுமா? ஐரோப்பிய அளவுமுறைப்படி ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. 7 மில்லிமீட்டர் கூட முழுதாக இல்லை! அந்தச் சின்ன வித்தியாசத்துக்காகத் தனி அச்சு, தனி கட்டிங், தனி பெட்டி.

ஆனால் அந்த ஷூவைத் தைத்தவர் சம்பளப் பணத்தை எடுக்கப் போய் நிற்கும் ஏ.டி.எம் மெஷின் ஒரே சைஸ்தான். ஐந்தடிப் பெண்ணுக்கும் ஆறடி ஆணுக்கும் சக்கர நாற்காலியில் வருபவருக்கும் ஒரே உயரத்தில் ஒரே திரை. ஏன் இப்படி? திரையை ஏற்றி இறக்க முடியாதா? இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு சுவாரஸ்யமான வரலாறு இருக்கிறது.

திரையே இல்லாத மெஷின்

ஜான் ஷெப்பர்ட்-பேரன் என்ற பிரிட்டிஷ்காரர் பிறந்தது நம் நாட்டின் ஷில்லாங்கில், 1925ஆம் ஆண்டு. அவர் யோசனையில் உருவான பணம் தரும் மெஷினை பார்க்லேஸ் வங்கி 1967 ஜூன் 27 அன்று லண்டனின் வடக்கே என்ஃபீல்டு என்ற இடத்தில் திறந்தது. அதில் கார்டு கிடையாது. லேசான கதிரியக்கம் உள்ள மை தடவிய ஒரு காகிதச் செக்கை உள்ளே போட்டு, ரகசிய எண்ணை அழுத்தினால் பத்து பவுண்டு வரும். அவ்வளவுதான். இன்று போல மெனு காட்டும் திரை எதுவும் இல்லை.

அந்த ரகசிய எண்ணுக்கு ஒரு குட்டிக் கதை உண்டு. ஷெப்பர்ட்-பேரன் பிற்காலத்தில் தாமே சொன்னது. முதலில் ஆறு இலக்கம் என்றுதான் நினைத்திருந்தாராம். வீட்டில் மனைவியிடம் கேட்டபோது, நான்கு எண்தான் ஞாபகம் இருக்கும் என்று சொல்லிவிட்டாராம். அன்றைக்கு ஆறு நான்காகியது. இன்றும் உலகத்தில் ஏராளமான பேர் நான்கு இலக்கத்தைத்தான் அழுத்திக்கொண்டிருக்கிறார்கள். ஒரு மனுஷியின் நினைவாற்றலுக்காக மெஷின் வளைந்து கொடுத்தது. இந்தக் கதையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

திரை வந்தது, அசையாமல் உட்கார்ந்தது

பிறகு மெஷின் பல வேலைகளைச் செய்ய ஆரம்பித்தது. பேலன்ஸ் காட்ட வேண்டும், கேள்வி கேட்க வேண்டும். அதற்குத் திரை தேவைப்பட்டது. 1980கள் வாக்கில் பழைய டி.வி. பெட்டியில் இருப்பது போன்ற கண்ணாடிக் குழாய்த் திரைகள் ஏ.டி.எம்களில் பரவின. இந்தியாவில் முதல் ஏ.டி.எம் 1987ல் மும்பையில் எச்.எஸ்.பி.சி வங்கி வைத்தது.

ஏ.டி.எம்மின் அமைப்பைப் பார்த்தால் திரை ஏன் மேலே போனது என்பது புரியும். கீழ்ப்பகுதி முழுக்க இரும்புப் பெட்டகம். பணக்கட்டுகள் அங்கேதான் இருக்கும். பெட்டகத்துக்கு மேலே கம்ப்யூட்டர், அதோடு திரை. கனமான அந்தக் கண்ணாடிக் குழாயை அசைக்க முடியாது. அசையும் பாகம் இருந்தால் திருடனுக்கும் வசதி என்ற பயம் வேறு. ஆகவே நின்றுகொண்டு பார்ப்பவரின் கண்ணுக்கு ஏற்ற உயரத்தில் திரையை வைத்து இறுக்கிவிட்டார்கள்.

இதில் என்ன பிரச்சினை, அண்ணாந்து பார்த்தால் போயிற்று என்று சிலருக்குத் தோன்றலாம். பிளஸ் டூ பிசிக்ஸ் லேபில் படித்த இடமாறு தோற்றப் பிழை நினைவிருக்கிறதா? அளவுகோலை நேராகப் பார்க்காமல் சாய்வாகப் பார்த்தால் ரீடிங் தப்பாக வருமே, அதே கதைதான் இங்கும். பல ஏ.டி.எம்களில் திரையின் இரண்டு பக்கமும் பட்டன்கள் இருக்கும். எழுத்து கண்ணாடிக்குப் பின்னால், பட்டன் முன்னால். கீழேயிருந்து பார்ப்பவருக்கு '500' என்ற எழுத்து அதன் பட்டனுக்கு நேரே தெரியாமல், அதற்குக் கீழே உள்ள பட்டனுக்கு நேரே தெரியும். தப்பான பட்டனை அழுத்தினால் தப்பான தொகை. பின்னால் வரிசையில் நிற்பவர்களின் முணுமுணுப்பு தனி!

நாற்பது அங்குலம்

மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டத்தை அமெரிக்கா 1990ல் கொண்டுவந்தது. அதன் கீழ் வந்த 2010ஆம் ஆண்டு விதிமுறைகளில் ஏ.டி.எம் திரைக்கு ஒரு அளவு இருக்கிறது. மெஷினுக்கு முன்னால் உள்ள இடத்தில், தரையிலிருந்து 40 அங்குல உயரத்தில் ஒரு புள்ளியை வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் புள்ளியிலிருந்து பார்த்தால் திரை தெரிய வேண்டும். உட்கார்ந்திருப்பவரின் கண்ணை மனதில் வைத்து எழுதிய விதி இது. பட்டன்கள் 48 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது என்பது இன்னொரு விதி.

'வசதியாக இருக்க வேண்டும்' என்று பொதுவாகச் சொல்லாமல் டேப் வைத்து அளக்கிற மாதிரி ஒரு எண்ணைச் சொன்னதுதான் இதன் சிறப்பு. லாஸ்ட் செய்பவர் இதை உடனே புரிந்துகொள்வார்.

வேலூரில் ஒரு சக்கர நாற்காலி

உட்கார்ந்திருப்பவரின் உயரத்துக்கு வேலையைக் கொண்டுவருவது வேலூருக்குப் புதிதல்ல. டாக்டர் மேரி வர்கீஸ், ஷெப்பர்ட்-பேரன் பிறந்த அதே 1925ல் கேரளாவில் பிறந்தவர். வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவம் படித்தவர். 1954ல் நடந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து போனது. அறுவை சிகிச்சை நிபுணராக வர நினைத்தவருக்கு இனி நிற்கவே முடியாது என்றால் எப்படி இருந்திருக்கும்!

அப்போது சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் சரிசெய்து வந்தவர் டாக்டர் பால் பிராண்ட். கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்துகொண்டே செய்யலாம். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அதைச் செய்தார். பின்னர் வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, அதற்கான துறையை சி.எம்.சி.யில் நடத்தினார். 1966ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972ல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

மேஜையும் விளக்கும் நோயாளியின் கையும் அவர் இருந்த உயரத்துக்கு வந்தன. அவர் உலகமறிந்த மருத்துவர் ஆனார். அவரை எழுந்து நிற்கச் சொல்லியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது.

சுற்றறிக்கையும் சட்டமும்

இந்தியாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான முதல் பெரிய சட்டம் 1995ல் வந்தது. ஏ.டி.எம் பற்றி ரிசர்வ் வங்கி 2009 ஏப்ரலில் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. சாய்தளம் வேண்டும், மெஷினின் உயரம் சக்கர நாற்காலியில் வருபவருக்குத் தடையாக இருக்கக் கூடாது, புதிதாக வைக்கும் ஏ.டி.எம்களில் மூன்றில் ஒன்றாவது பிரெய்ல் பட்டன்களோடு பேசும் மெஷினாக இருக்க வேண்டும் என்றது. 2012ல் யூனியன் வங்கி அகமதாபாத்தில் பேசும் ஏ.டி.எம் ஒன்றைத் திறந்தது. 2014 ஜூலை முதல் புதிதாக வைக்கும் எல்லா ஏ.டி.எம்களும் பேச வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது.

நல்ல விஷயம்தான். ஆனால் கவனித்தீர்களா? பேச்சுக்குக் கணக்கும் கெடுவும் கிடைத்தன. உயரத்துக்கு ஒரு வாக்கியம் மட்டும் கிடைத்தது, எத்தனை அங்குலம் என்று அதில் இல்லை. அதனால் பல இடங்களில் வாசலில் சாய்தளம் வந்தது, உள்ளே திரை பழைய இடத்திலேயே நின்றது.

2016ல் புதிய சட்டம் வந்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ராஜீவ் ரதூரி வழக்கில் முக்கியமான ஒன்றைச் சொன்னது. அணுகல் வசதிகளை வெறும் வழிகாட்டுதல்களாக வைத்திருந்தால் போதாது, கட்டாய விதிகள் வேண்டும் என்றது.

பின் நம்பரைச் சொன்னால் யார் பொறுப்பு?

இதை வசதி பற்றிய விஷயம் என்று மட்டும் நினைத்தால் தப்பு. இதில் பணம் இருக்கிறது.

1970களில் அரைப்பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தபின், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரம் முழுமையாகப் பதனிட்ட தோலுக்கும் ஷூவுக்கும் மாறியது. சுற்றுக் கிராமங்களிலிருந்து ஏராளமான பெண்கள் தையல் வேலைக்கு வந்தார்கள். இந்தியப் பெண்களின் சராசரி உயரம் ஏறக்குறைய 152 சென்டிமீட்டர், அதாவது ஐந்தடி. ஒரு காலத்தில் கவரில் வந்த சம்பளம் பிறகு வங்கிக்கு மாறியது. தொழிலாளியின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமலே வங்கி வழியாக ஊதியம் தரலாம் என்று 2017ல் சட்டமும் திருத்தப்பட்டது.

அதே 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி இன்னொரு சுற்றறிக்கை வெளியிட்டது. வாடிக்கையாளர் தன் ரகசிய எண்ணைப் பிறரிடம் சொல்லி அதனால் பணம் போனால், வங்கிக்குப் புகார் கொடுக்கும் வரை போன பணம் முழுவதும் அவர் தலையில்தான் என்றது.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். திரை தெரியாதவர் என்ன செய்வார்? கார்டை அண்ணன் மகனிடமோ காவலாளியிடமோ கொடுத்து, பின் நம்பரையும் சொல்வார். வேறு வழியில்லை. உயரம் வைத்தது மெஷின் வைத்தவர், நஷ்டம் மட்டும் வாடிக்கையாளருக்கு! அக்கவுன்டன்சி படிப்பவர்களுக்குத் தெரியும், ஒரு செலவைக் கணக்கில் எழுதாவிட்டால் அது இல்லாமல் போவதில்லை. வேறு யாரோ ஒருவர் அதைக் கட்டிக்கொண்டிருக்கிறார் என்றுதான் அர்த்தம்.

முடியாதா என்ன?

கண்ணாடிக் குழாய் இருந்த காலத்தில் முடியாது என்றதில் நியாயம் இருந்தது. இப்போது எல்லாம் தட்டைத் திரை. இவற்றைத் தாங்கியில் பொருத்த 1997லேயே வீசா என்ற அமைப்பு பொது அளவைக் கொண்டுவந்துவிட்டது. திரையின் பின்னால் 75 அல்லது 100 மில்லிமீட்டர் இடைவெளியில் நான்கு துளைகள், அவ்வளவுதான். அந்தத் துளைகளில் சாயும் தாங்கியும் மாட்டலாம், ஏறி இறங்கும் தாங்கியும் மாட்டலாம். திரையை அசைக்கப் பயமாக இருந்தால் படத்தை அசைக்கலாம். பெரிய தொடுதிரைகளில் ஒரு பட்டனைத் தொட்டால் மெனு முழுக்கக் கீழ்ப்பாதிக்கு இறங்கி வரும் வசதி சில உணவகங்களின் ஆர்டர் மெஷின்களிலேயே வந்துவிட்டது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 28 முதல் புதிதாக வரும் ஏ.டி.எம்களும் டிக்கெட் மெஷின்களும் எல்லோரும் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆம்பூர் ஷூக்கள் போகும் நாடுகள் பல அங்கேதான் இருக்கின்றன.

நம் ஆட்களுக்கும் மெஷினை மாற்றத் தெரியும். சென்னையில் 2001ல் தொடங்கிய வோர்டெக்ஸ் நிறுவனம், ஐ.ஐ.டி மெட்ராஸ் துணையோடு 'கிராமடெல்லர்' என்ற ஏ.டி.எம்மை உருவாக்கியது. ஏசி வேண்டாம், குறைந்த மின்சாரம் போதும், சோலாரில் ஓடும், கசங்கிய நோட்டையும் எண்ணித் தரும். கிராமத்தில் கரண்ட் இல்லை என்று தெரிந்ததும் மெஷினை மாற்றினார்கள், கிராமத்தை மாற்றச் சொல்லவில்லை.

ஒரு வீட்டுப் பெண்மணிக்கு நான்கு எண்தான் ஞாபகம் இருக்கும் என்று ஆறு இலக்கம் நான்கானது. அது நடந்து அறுபது வருடம் ஆகப்போகிறது. திரை மட்டும் இன்னும் இறங்கி வரவில்லை.

அடுத்த முறை ஏ.டி.எம்முக்குப் போகும்போது, கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து ஒரு நிமிடம் முட்டி போட்டு உட்கார்ந்து திரையைப் பாருங்கள். காவலாளி முறைத்தால் கண்டுகொள்ளாதீர்கள். '500' எந்தப் பட்டனுக்கு நேரே தெரிகிறது என்று பாருங்கள், போதும்.